ஏழு சிவப்பு அம்புகள்

ஜனவரி 2, வெள்ளி

பேத்தி சிந்துஜாவின் கம்பெனியில் புது வருசத்துக்கு இந்த டைரியைக் கொடுத்தார்களாம். "நானெல்லாம் கையில எழுதி எத்தன வருசமாச்சுங் அம்மாயி, நீங்களே வெச்சுக்கங்க" என்று என்னிடம் தந்துவிட்டாள். அட்டை நன்றாகத் தடிமனாக இருக்கிறது. ஆனால் உள்ளே கோடு கூடப் போடாமல் அச்சடித்திருக்கிறார்கள். அவசர வேலை போலிருக்கிறது. எங்கள் காலத்தில் இப்படி ஒரு சரக்கு என் மேசைக்கு வந்திருந்தால் வந்த வழியே திருப்பி அனுப்பியிருப்பேன்.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். என் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் மற்றப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். அதற்கு மேல் படிக்க வைக்க வீட்டில் தோதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசைக்கு வந்தேன். இருபத்தேழு வருடம். வெறும் ருக்குமணி என்றால் எங்கள் வீதியில் ஒருவருக்கும் தெரியாது. செக்கிங் ருக்குமணி என்று கேட்டால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள்.

ஜனவரி 5, திங்கள்

ஆற்றுத் தண்ணீர் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. எல்லாக் குடத்திலும் பிடித்தாயிற்று.

சிந்துஜா என் மகள் வயிற்றுப் பேத்தி. கோயமுத்தூர்க் கம்பெனியில் ஆறு மாதமாக வேலை. வாரத்தில் இரண்டு நாள் அங்கே போவாள், மற்ற நாள் என் சாப்பாட்டு மேசைதான் அவளுக்கு ஆபீஸ். அப்படி என்னதான் செய்கிறாள் என்று இன்று முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

சட்டைக் காலர் பின்னும் கம்ப்யூட்டர் மெஷினுக்கு, எந்த ஊசி எப்போது ஏறணும், எந்த நூல் எப்போது மாறணும் என்று வரி வரியாக எழுதித் தர வேண்டுமாம். அதை எழுதுகிற இடத்துக்குப் பெயர் எடிட்டர். அந்த எடிட்டரில் மாட்டிக்கொள்கிற சின்ன உருப்படி பிளகின். இவள் செய்திருக்கும் பிளகின் அந்த வரிகளுக்கு நிறம் போடுகிறது. மெஷினுக்கு இடும் கட்டளை நீலம். எண்கள் ஆரஞ்சு. மனிதர்கள் தங்களுக்குள் எழுதிவைத்துக்கொள்ளும் குறிப்பு ஊதா. குறிப்பை மெஷின் கண்டுகொள்ளாது. எது கட்டளை, எது குறிப்பு என்று பார்த்தவுடன் தெரியத்தான் இந்த நிறமெல்லாம்.

"சாயப்பட்டறை வேலைன்னு சொல்லு" என்றேன்.

"அதேதானுங் அம்மாயி. ஆறு மட்டும் கெடாது."

இப்போது ஒரு சிக்கல். பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு மில்லில் தங்கமுத்து என்று ஒரு பிட்டர் இருக்கிறார். மெஷினைப் பழுது பார்ப்பவர், பழைய ஆள். பிளகின் போட்டும் நிறம் விழவில்லை என்று அவர் மூன்று தடவை புகார் கொடுத்துவிட்டார்; வேறு மில்களிலிருந்தும் இரண்டு பேர் சொன்னார்களாம். மாதக் கடைசிக்குள் சரிசெய்யாவிட்டால் பிளகினையே எடுத்துவிடுவோம் என்று மேனேஜரம்மா சொல்லிவிட்டதாம். எடுத்துவிட்டால் இவள் பழையபடி புகார் போன் எடுக்கும் வேலைக்குத்தான் போகணும். "நானா யோசிச்சு நானா செஞ்ச மொத சாமானுங் அம்மாயி" என்றாள். அதற்கு மேல் அவள் சொல்லத் தேவையில்லை.

ஜனவரி 7, புதன்

இன்று அவள் பார்த்தவை: எடிட்டரை மூடித் திறந்தாள். பிளகினைக் கழற்றி மறுபடி மாட்டினாள். அதில் மாட்டியிருந்த மற்ற பதினொரு பிளகின்களையும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒவ்வொரு தடவையும் நிறம் விழுகிறதா என்று பார்த்தாள். விழுகிறது. இவள் கம்ப்யூட்டரில் எப்படிப் பார்த்தாலும் விழுகிறது. அங்கேதான் விழவில்லை.

நான் பார்த்தவை: அரைக்கிலோ துவரம்பருப்பில் கல் பொறுக்கினேன். சாம்பாரில் கல் கடிபட்டது. கடைக்காரனை மாற்ற வேண்டும்.

ஜனவரி 12, திங்கள்

தங்கமுத்துவை போனில் பிடித்து, பேச்சு வெளியே கேட்கும்படி வைத்தாள். நான் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டேன்.

"அண்ணா, திரையில கீழ வலது ஓரத்துல என்ன பேரு போட்டிருக்குதுங்க?"

"காலர்னு போட்டிருக்குது பாப்பா."

"அப்ப பிளகின் சரியாத்தானுங்க ஓடிட்டிருக்கு."

"சரியா இருந்தா நான் எதுக்கும்மா பொழுதுக்கும் போன் பண்றேன்? எனக்கு வேற பொழப்பில்லீன்னு நெனச்சியா?"

"கோவிச்சுக்காதீங்கண்ணா. நெறமே இல்லீங்களா?"

"ஆரஞ்சு பளிச்சுன்னு இருக்குது. மத்ததெல்லாம் ஒரே மசமசன்னு கெடக்குது. ஒண்ணு பண்ணு, உன்ற ஆபீசுல பெரியவங்க யாராச்சும் இருந்தாக் குடு."

போனை வைத்ததும் இவள் முகம் சிவந்துவிட்டது. "வேணும்ன்னே கொற சொல்றாருங் அம்மாயி. சின்னப் புள்ள செஞ்சதுன்னு எளக்காரம்."

அந்த ஆளுக்குக் கண்ணில் ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. சொல்லவில்லை. ஒருத்தர் கண்ணைப் பற்றி வாய் திறப்பது லேசான காரியமல்ல. ஒரு தடவை திறந்திருக்கிறேன்.

எங்கள் கம்பெனியில் ஷேடு, அதாவது நிறம் ஒத்திருக்கிறதா என்று, பார்ப்பது மூன்று பேர். ஒரு பெட்டிக்குள் துணியை வைத்து, ஒரு விளக்கு மாற்றி ஒரு விளக்கு போட்டு, ஆளுக்கொரு தடவை பார்ப்போம். மூன்று பேரும் பாஸ் என்றால்தான் சரக்கு நகரும். நான், பொன்னுத்தாயி, இன்னொருத்தி. பொன்னுத்தாயி ஒரு கட்டத்தில் நாங்கள் சொல்லும்வரை காத்திருந்து பிறகு "பாஸ்" என்பாள். அவள் தனியாகப் பார்த்த ஒரு மெரூன் சரக்கு மொத்தமாகத் திரும்பி வந்தது. அவளுக்கு நிறம் தெரியவில்லை என்று சூப்பர்வைசரிடம் சொன்னது நான்தான். அடுத்த நாளே அவளைப் பிசிறு வெட்டும் மேசைக்கு மாற்றினார்கள். கத்தரியும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை.

பூண்டு உரித்து முடித்தேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பால் கிழக்கே பொங்கியது. மனசுக்கு நிறைவு.

கோயிலுக்குக் கிளம்பும்போது சிந்துஜா, "அம்மாயி, பொடவை ஊதா, ஜாக்கெட் கறுப்புங்களே" என்றாள்.

"தெரிஞ்சுதான் போட்டேன். இப்ப அதான் ஸ்டைலு."

கோயிலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்திருக்கும்.

ஜனவரி 19, திங்கள்

தங்கமுத்து தன் திரையைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். சிந்துஜா அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பார்த்தாள். பிறகு மடிக்கணினியை என் பக்கம் திருப்பினாள்.

"அம்மாயி, இருவத்தேழு வருசம் ஷேடு பாத்த ஆளு நீங்க. சொல்லுங்க. நெறம் இருக்குதா இல்லையா?"

கறுப்புத் திரை. ஆரஞ்சு அங்கங்கே மின்னியது. நீலம் எந்த எந்த இடத்தில் வரும், ஊதா எங்கே வரும் என்று அவள்தான் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாளே. சித்த நேரம் பார்த்தேன்.

"நீலம் நீலமா இருக்குது, ஊதா ஊதாவா இருக்குது. பாஸ்."

"பாத்தீங்களா! நான் சொன்னேனில்ல!" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். "பிளகினில் குறையில்லை, நிறம் பார்ப்பதில் அனுபவம் உள்ளவரிடமும் காட்டி உறுதி செய்துகொண்டேன்" என்று மேனேஜரம்மாவுக்கு அப்போதே எழுதி அனுப்பிவிட்டாள். எனக்கு வாசித்தும் காட்டினாள்.

சமையலறை டியூப் லைட் பழசாகிவிட்டது. அதைத்தான் முதலில் மாற்றணும்.

ஜனவரி 20, செவ்வாய்

புது டியூப் லைட் போட்டாயிற்று. பழசே தேவலை.

ஜனவரி 22, வியாழன்

நல்ல சேதி இல்லை.

மில்லில் தங்கமுத்து ஒரு வரியைக் குறிப்பு என்று நினைத்து அழித்திருக்கிறார். அது கட்டளை. நூல் மாறவேண்டிய இடத்தில் மாறவில்லை. காலரில் வெள்ளைப் பட்டை விழவேண்டிய இடமெல்லாம் மொட்டையாகவே பின்னி வந்திருக்கிறது. மதியம்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள். காலை முழுக்க ஓடிய சரக்கு வீண்.

மேனேஜரம்மா போனில் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "அனுபவம் உள்ளவர்னு எழுதினியே, யாரு அது?" என்று மட்டும் கேட்டதாம். இவள் "எங்க அம்மாயிங்க" என்றிருக்கிறாள். உடனே போனை வைத்துவிட்டதாம்.

இதைச் சொல்லும்போது சிந்துஜா சிரிக்கத்தான் பார்த்தாள். பிறகு தட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். தக்காளிக் குழம்பு அவளுக்கு உயிர். தொடவில்லை.

"நான் எங்க தப்புப் பண்ணேன்னே தெரியலீங் அம்மாயி. தெரிஞ்சா சரிபண்ணிருவேன். தெரியலயே."

நான் குழம்பை மூடி வைத்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

என் தையல் டப்பாவின் அடியில் ஒரு பட்டை ஸ்டிக்கர் கிடந்தது. சிவப்பு அம்பு. துணியில் எங்கே பழுது கண்டாலும் அந்த இடத்தைக் காட்டி ஒரு அம்பு ஒட்டுவோம். வேலையை விட்டு வந்த அன்று கையோடு வந்துவிட்டது. எட்டு அம்பு மிச்சம் இருந்தது.

காலையில் சிந்துஜா குளிக்கப் போனாள். மடிக்கணினி மேசை மேல் திறந்தே இருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, மேலிருந்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு சரக்கை எப்படிப் பார்ப்பேனோ அப்படி. பக்கத்து வரியிலிருந்து இந்த வரி எந்த இடத்தில் பிரிந்து தெரியவில்லையோ அங்கே ஒரு அம்பு ஒட்டினேன். ஏழு அம்பு ஆயிற்று. பிறகு போய் இட்லிக்கு ஊற்றினேன்.

தலையில் துண்டோடு வந்தவள், "அய்யய்யோ, ஸ்கிரீன்ல என்னங் இது!" என்று கத்தினாள்.

"மிஸ்டேக்கு."

"எதுங் அம்மாயி மிஸ்டேக்கு?"

"அம்பு காட்டற எடம்."

குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு அம்பாக விரல் வைத்துக்கொண்டே போனாள். "இது கட்டள, இது குறிப்பு... இதுவும் கட்டள, குறிப்பு..." ஏழும் நீலமும் ஊதாவும் அடுத்தடுத்து வரும் இடம். ஆரஞ்சு பக்கத்தில் ஒன்று கூட இல்லை. அவள் சத்தம் குறைந்துகொண்டே போய் நின்றுவிட்டது.

"அம்மாயி. இது ரெண்டும் உங்களுக்கு ஒண்ணாத் தெரியுதுங்களா?"

"ஒண்ணா இருந்தா ஒண்ணாத்தான தெரியும்."

"தங்கமுத்து அண்ணனுக்கும் இப்படித்தான் தெரியுதா அப்ப?"

"அவருகிட்ட வயசு கேட்டியா?"

"அம்பத்தெட்டுன்னு ஒருவாட்டி சொன்னாரு. புகார் சொன்ன மத்த ரெண்டு பேரும்கூட ரிட்டயர் ஆகற வயசுதானுங்." நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கெரகமே! அந்த பைலைப் படிக்கறதே பழைய பிட்டருங்கதான். கறுப்பு மேல அடர் நீலம், அடர் ஊதான்னு என்ற கண்ணுக்கு அழகா இருக்கறதப் பாத்து வெச்சிருக்கேன். இத்தன நாளா மெஷினுக்குள்ள தேடிட்டிருந்தேன் பாருங்."

இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்க எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மாயி, திங்கக்கெழம பாஸ்னு சொன்னீங்களே."

அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இருபத்தேழு வருடத்தில் என் பாஸ் ஒன்று கூடத் திரும்பி வந்ததில்லை.

"அன்னிக்குப் பாக்காமச் சொல்லிட்டேன் கண்ணு" என்றேன். "பாத்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது."

ஈரத் துண்டோடு என் தோளில் தலையைச் சாய்த்தாள். புடவை நனைந்துவிட்டது. இட்லி கொஞ்சம் கல்லு மாதிரி ஆகிவிட்டது. ஒன்பது தின்றாள்.

ஜனவரி 26, திங்கள்

லீவு நாளிலும் வேலை. கட்டளையை வெளிர் நீலமாக்கி, எழுத்தையும் தடித்ததாக்கினாள். குறிப்பு சாம்பல், சாய்ந்த எழுத்து. நிறமே தெரியாதவர் கூட எழுத்தின் பருமனை வைத்துப் பிரித்துவிடலாம். இது அவளுக்கே தோன்றியது.

பார்ப்பது மட்டும் என் முறைப்படி. ஜன்னல் ஓரம் வைத்து ஒரு தடவை, டியூப் லைட்டுக்குக் கீழே ஒரு தடவை, விளக்கை அணைத்து ஒரு தடவை. அவள் வரிகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது?" "இது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். முன்கூட்டி எதையும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நான்கு இடத்தில் தோற்றேன். திருத்தினாள். அடுத்து இரண்டில். மறுபடி திருத்தினாள்.

"ரொம்பக் கறாரான ஆளுங் அம்மாயி நீங்க."

"பின்ன?"

மதியம் கோழிக்குழம்பு. நன்றாக அமைந்தது.

ஜனவரி 30, வெள்ளி

மூன்று பேர் பார்த்தால்தானே பாஸ்; மூன்றாவது கண் தங்கமுத்துவுடையது. போன் வந்தது.

"பாப்பா, இப்பத்தான் சாயம் புடிச்சிருக்குது. என்ன பண்ணே?"

"கொஞ்சம் எச்சா வெளுப்பாக்கினேனுங்கண்ணா. தப்பு என்ற பக்கந்தான்."

"அதான பாத்தேன். மெஷினு பொய் சொல்லாதுன்னுவாங்க, மனுசன் சொல்றதத்தான் ஒருத்தரும் நம்பறதில்ல. ஆமா, யாரோ உங்க அம்மாயி பாத்துச் சொன்னாங்களாமே. மேனேஜரம்மா சொல்லுச்சு."

"ஆமாங்ண்ணா. பக்கத்துலதான் இருக்காங்க."

"ஏனுங்க அம்மா, நல்லா இருக்கறீங்களா? உங்களுக்கும் என்னாட்ட மசமசன்னுதான் தெரிஞ்சுதுங்களா?"

எதற்கு அந்தப் பேச்சு. அவரைச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்டேன்.

ஜனவரி 31, சனி

பிளகின் தப்பித்தது. எல்லா மில்லுக்கும் அனுப்பச் சொல்லிவிட்டார்கள். சிந்துஜாவுக்குப் புகார் போன் வேலை இல்லை. பாயசம் வைத்தேன், முந்திரி எச்சாகவே போட்டேன்.

பிப்ரவரி 3, செவ்வாய்

"என்ற கண்ணு பொழுதுக்கும் எரியுதுங் அம்மாயி, ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு வாங்க" என்றாள். போனேன். அங்கே போனால் சீட்டு என் பெயரில் இருக்கிறது. கள்ளி.

டாக்டரம்மா சின்ன வயசு. இரண்டு கண்ணிலும் புரை, முற்றியிருக்கிறது என்றது. "எத்தன நாளா இப்படித் தெரியுதும்மா? நீலமெல்லாம் கறுப்பாட்டத் தெரியுமே?"

"இப்ப ஒரு மாசமாத்தான்" என்றேன்.

சிந்துஜா சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

பொன்னுத்தாயியின் நம்பரைப் பழைய ஆட்களிடம் கேட்டு வாங்கி வைத்து நான்கு நாளாயிற்று. இன்று போட்டேன்.

"யாரு?"

"நாந்தான். செக்கிங் ருக்குமணி."

"என்னாச்சு? யாராச்சும் போய்ட்டாங்களா?"

"அதெல்லாம் இல்ல. கண்ணுக்கு ஆபரேசன்னாங்க. நீ பண்ணிட்டியாமே. வலிக்குமான்னு கேக்கலாம்னு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். "உனக்கா! ருக்குமணிக்கா!" பிறகு, "ஒரு துளி வலிக்காது. ஆனா வூட்டுக்கு வந்து செவுத்தப் பாத்தேன் பாரு, அத்தன அழுக்கு. இத்தன நாளு இதுக்குள்ளயா குடியிருந்தோம்னு நாலு நாளு தேச்சுக் கழுவினேன். நீ முன்னாலயே ஆளு சொல்லி வெச்சுக்க" என்றாள்.

"பொன்னுத்தாயி, அன்னிக்கு சூப்பர்வைசர்கிட்ட..."

"நீ சொன்னது நெசந்தானே. எனக்குத் தெரியலதான். ஆனா மொதல்ல என்ற மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"போச்சாது, விடு. ஆபரேசனுக்கு நாந் தொணைக்கு வர்றேன். கண்ணக் கட்டிட்டு வர்றவள அந்தச் சின்னப் புள்ள எப்படித் தனியாப் புடிச்சுட்டு வருவா?"

பிப்ரவரி 17, செவ்வாய்

நாளை ஆபரேசன், வலது கண். குடங்களை நிரப்பிவிட்டேன். மாவு ஆட்டி வைத்துவிட்டேன். பயமெல்லாம் இல்லை. இதை எழுதக்கூட வேண்டியதில்லை.

பிப்ரவரி 23, திங்கள்

டாக்டரம்மா கொஞ்ச நேரம் எழுதலாம் என்றுவிட்டது.

ஆபரேசனுக்குப் பொன்னுத்தாயி சொன்னபடி வந்தாள். நான் வெளியே வரும்வரை அவளும் சிந்துஜாவும் பேசிய பேச்சில் என் மானம் மிச்சமில்லை. மெரூன் கதை கூடச் சொல்லியிருக்கிறாள், அதையும் சிரித்துக்கொண்டே.

கட்டு அவிழ்த்த அன்று முதலில் பார்த்தது சிந்துஜாவைத்தான். அவள் போட்டிருந்த சுடிதார் நீலம். கறுப்பு என்றுதான் இரண்டு வருடமாகத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அவள் மடிக்கணினியைத் திறக்கச் சொல்லி, பழைய நிறத்தையும் ஒரு தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். கறுப்பு மேல் அடர் நீலம், அடர் ஊதா. அடடா. பிள்ளை எத்தனை அழகாகச் செய்திருக்கிறாள். "இதுவும் பாஸ்தான் கண்ணு" என்றேன். "அது இளவட்டத்துக்கு. பழைய பிட்டருங்களுக்கு இப்ப இருக்கறதே இருக்கட்டும்."

சுவர் அப்படி ஒன்றும் அழுக்கில்லை. பொன்னுத்தாயி வீட்டைப் போலவா.

இப்போது இந்த டைரியை எடுத்தால், பக்கத்துக்குப் பக்கம் கோடு. வெளிர் நீலத்தில், மயிரிழை மாதிரி, மேலிருந்து கீழ்வரை, ஒரு பக்கம் விடாமல். என் எழுத்து அந்தக் கோட்டின் மேல் ஏறி, இறங்கி, இரண்டு கோட்டுக்கு நடுவில் படுத்து, தன் இஷ்டத்துக்குப் போயிருக்கிறது. டீச்சர் பார்த்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

டப்பாவில் இன்னும் ஒரு அம்பு இருந்தது. ஜனவரி 2-ஆம் தேதியைத் திறந்து, "கோடு கூடப் போடாமல்" என்று நான் எழுதிய இடத்தைக் காட்டி அதை ஒட்டினேன்.

இந்தப் பக்கம் முழுக்கக் கோட்டின் மேலேயே எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்து கூட விலகவில்லை. சிந்துஜா எழுந்ததும் காட்டணும்.